மந்தைக்கு வெளியே நிற்கும் ஒரு சொல்

போன இதழில் நகரி வாசகி ஒருவரின் கேள்வியை மட்டும் அச்சிட்டு, பதிலை இந்த இதழுக்கு வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று பேர் ‘எக்ரீஜியஸ்’ என்ற அதே ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகள் இல்லை. நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகள் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. மறுநாள் காலையில் அவளே அதைக் கண்டுபிடித்து மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பதிலுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ‘எக்ரீஜியஸ் எர்ரர்’ என்று எழுதியிருந்தார். அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். என் அப்பா வைத்திருந்த பழைய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். அதில் முதல் பொருளே ‘சிறந்த, மேம்பட்ட’ என்று இருக்கிறது. அடுத்த வரியில் ‘மிக மோசமான’ என்றும் இருக்கிறது. இது பாராட்டா, திட்டா? ஒரே சொல்லுக்கு இரண்டும் எப்படிப் பொருந்தும்?
— ஒரு வாசகி, நகரி

பதில்: திட்டுதான் அம்மா, அதில் சந்தேகம் வேண்டாம். இன்றைக்கு எந்த அலுவலகக் கடிதத்தில், எந்த நாளிதழில் இந்தச் சொல் வந்தாலும், ‘பார்க்கிற யாருக்கும் கண்ணை உறுத்துகிற அளவுக்கு மோசமான’ என்றுதான் அர்த்தம். உங்கள் அப்பாவின் அகராதியும் தப்பாகச் சொல்லவில்லை. அது சொல்வது பழைய பொருள். பழைய அகராதிகள் பலவற்றில் பழம்பொருளை முதலிலும் நடப்புப் பொருளை அடுத்தும் போடுவார்கள். வரிசையை வைத்து எது இன்று வழங்குகிறது என்று முடிவு செய்யக்கூடாது.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘இக்ரீஜஸ்’ என்று மூன்று அசையில் முடிந்துவிடும். அழுத்தம் ‘க்ரீ’யில் விழ வேண்டும்.

இது லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் ‘க்ரெக்ஸ்’ என்றால் மந்தை. ‘எக்ஸ்’ என்றால் ‘இலிருந்து’, ‘வெளியே’. இரண்டும் சேர்ந்து ‘எக்ரேகியுஸ்’ என்று ஆனது. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். ரோமர்கள் அதை நல்லதற்கே பயன்படுத்தினார்கள். கூட்டத்தில் ஒருவராக இல்லாமல் உயர்ந்து தெரிகிறவர், சிறந்தவர் என்று பொருள். 1530களில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அந்த நல்ல பொருளோடுதான் வந்தது. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கெட்ட பொருளும் ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலைன்’ நாடகத்தில், மனைவியைக் கொல்லச் சொல்லிவிட்டுப் பிறகு நொந்துபோகிற கணவன் தன்னையே ‘இக்ரீஜஸ் மர்டரர்’ என்று சொல்லிக்கொள்கிறான். அங்கே சிறப்பு என்ற பொருளுக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. எங்கள் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோடு சேர்ந்து எங்கள் பகுதியும் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எனக்கு அப்போது மூன்று வயது. எங்கள் வீட்டில் யாருடைய பேச்சும் அதனால் மாறவில்லை. தாத்தா எங்களிடம் தமிழ் பேசுவார், ஆட்டிடம் தெலுங்கு பேசுவார்.

நூறுக்குக் குறையாமல் செம்மறி இருந்தது. சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது படலை ஒரு ஆடு நுழையும் அகலத்துக்கு மட்டும் திறந்து, அதன் ஓரத்தில் கோலை ஊன்றிக்கொண்டு உட்காருவார். ஒவ்வொன்றாக உள்ளே போகும். முதுகில் காவி தடவியிருக்கும். வாயால் எண்ண மாட்டார். கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். எனக்கு எல்லாம் ஒன்று போலவே தெரியும். ஒரே நிறம், ஒரே புழுதி, தொங்குகிற காதுகள். அவர் திடீரென்று கோலை நீட்டி ஒன்றைக் காட்டுவார். “அதி வேரு” என்பார். ‘அது வேறு’ என்பதற்குத் தெலுங்கு.

ஒரு நாள் அவர் அப்படிக் காட்டியது ஒரு இளங்கிடா. நெஞ்சு அகலம், கால் உயரம், நடையே தனி. நெல்லூர் ஜாதி. இந்தியாவின் செம்மறி இனங்களிலேயே உயரமானது என்று பெயர் எடுத்த இனம் அது. அந்தக் கிடாவை அவர் விற்கவில்லை. இனத்துக்கு வைத்துக்கொண்டார். இன்னொரு நாள் அதே கோல், அதே “அதி வேரு”. இந்த முறை ஒரு பெட்டை. மந்தை ஏரிக்கரையோடு போனால் அது மட்டும் பின்தங்கி, அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் நுழைந்துவிடும். அதனால் எங்கள் வீட்டு வாசலில் சண்டை வராத மாதம் இல்லை. கடைசியில் அதைப் புத்தூர்ச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

கிடாவுக்கும் பெட்டைக்கும் அவர் சொன்னது ஒரே சொல். வேறு என்று மட்டும்தான் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்பது அவர் குரலில் இருந்தது. பல வருஷம் கழித்து, கல்லூரியில் ஒரு நாள் லத்தீன் வேர்ச்சொற்கள் பற்றிய பாடத்தில் ‘மந்தைக்கு வெளியே’ என்று பேராசிரியர் சொன்னபோது எனக்குப் படலும் கோலும்தான் கண்ணுக்கு வந்தது. லத்தீன் ஆட்டிடையன் ஒருவனும் இப்படித்தான் கோலை நீட்டியிருப்பான் என்று தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

நல்ல பொருள் ஏன் கவிழ்ந்தது? கேலியாகச் சொல்லிச் சொல்லியே திரும்பியிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ‘பெரிய மனுஷன்’ என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ‘வந்துட்டார்யா மகானுபாவர்’ என்றால் யாரும் எழுந்து நின்று கும்பிடுவதில்லை. ‘பேர்போன’ என்று தொடங்கினால் அடுத்து வைத்தியர் வருவாரா, திருடன் வருவானா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வைத்தியர் வருவது நின்றுபோனது, திருடன் மட்டும் தங்கிவிட்டான். நடந்தது அவ்வளவுதான்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. ‘நாற்றம்’ என்றால் இன்று மூக்கைப் பொத்துகிறோம். வள்ளுவருக்கு அது பூவின் வாசம். “முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்” என்று 1274ஆம் குறளில் மொட்டுக்குள் ஒளிந்திருக்கும் மணத்தைத்தான் சொல்கிறார். ஆண்டாள் சங்கைப் பார்த்து “கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ” என்று கேட்டதும் அந்த வாசத்தைத்தான். தெலுங்கில் ‘கம்ப்பு’ என்ற சொல்லுக்கும் அதே கதி. (நாம் களி கிண்டுகிற கம்பு வேறு.) பழந்தெலுங்கில் மணத்துக்கு வழங்கிய சொல், இன்று நகரிக் கடைத்தெருவில் சாக்கடைப் பக்கம் போனால் வாயில் வரும் சொல். ஆனால் பலமநேர் தாண்டி முல்பாகல் பக்கம் போய்க் கன்னடக்காரரைக் கேளுங்கள். அவருக்கு மல்லிகையின் வாசம் இன்னும் ‘கம்ப்பு’தான். ஒரே சொல், நடுவில் ஒரு மாநில எல்லை. ஒரு பக்கம் மணக்கிறது, இன்னொரு பக்கம் நாறுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

‘கைங்கர்யம்’ இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கோயிலில் அது தொண்டு. பணத்தைக் ‘கைங்கர்யம்’ செய்துவிட்டான் என்று தெலுங்கில் சொன்னால் சுருட்டிவிட்டான் என்று அர்த்தம். “இது யார் கைங்கர்யம்?” என்று நம் வீட்டில் உடைந்த பானையைக் காட்டிக் கேட்பதும் அந்த வகைதான்.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். அந்த மேலாளர் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது என் தீர்மானம். இக்ரீஜஸ் என்று சொல்ல இரண்டு வேண்டும். செய்தது பெரிய தவறாக இருக்க வேண்டும், அதோடு மற்றத் தவறுகளின் மந்தையில் கலக்காமல் தனித்து, கூசாமல் நிற்க வேண்டும். ஒரு அதிகாரி தெரிந்தே நான்கு வருஷம் விதியை மீறினால் அது இக்ரீஜஸ். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால் அந்தப் பொய் இக்ரீஜஸ். ஒரே பில் இரண்டு முறை போவது கணக்கு எழுதுகிற எந்த இடத்திலும் நடக்கிற தவறு. மறுநாளே அவளே கண்டுபிடித்துச் சொல்லியும் இருக்கிறாள். அது மந்தைக்குள் இருக்கிற ஆடு. ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தால் நியாயம். ஆங்கிலத்தில் கனமான சொல் ஒன்றைப் போட்டால் கடிதம் கம்பீரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கனம் எதிரில் இருக்கிறவர் நெஞ்சில் போய் இறங்குகிறது. அழ வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள், அம்மா. நடந்ததைத் தேதியோடு, நேரத்தோடு, தானே தெரிவித்ததையும் சேர்த்து நான்கு வரியில் பதிலாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பதிலில் கனமான உரிச்சொல் ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருக்கிறேன். இத்தாலியிலிருந்து இயந்திரம் வாங்கியிருக்கிறோம். அங்கிருந்து வந்த கடிதம் ‘எக்ரேஜோ’ என்று தொடங்குகிறது, பிறகு என் பெயர். போன இதழில் அம்மையாரின் கேள்வியைப் படித்ததும் திக்கென்றது. இதுவும் அதுவும் ஒன்றா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சொல் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். தைரியமாக இருங்கள். இத்தாலிய மொழியில் அந்தப் பழைய மரியாதை இன்னும் கெடவில்லை. ‘எக்ரேஜோ சிஞ்ஞோரே’ என்றால் நாம் ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்குவோமே, அதுதான். முறையான கடிதத்தில் ஆண்களுக்கு அப்படி எழுதுவார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் ‘ஜென்டிலே சிஞ்ஞோரா’ என்று வரும்.

போர்த்துகீசிய மொழியிலும் அப்படியே. பிரேசிலில் உயர் நீதிமன்றங்களைக் குறிப்பிடும்போது வழக்கறிஞர்கள் ‘எக்ரேஜியோ ட்ரிபுனால்’ என்பார்கள், மாட்சிமை பொருந்திய நீதிமன்றம் என்று. அதையே ஒருவர் அப்படியே ஆங்கிலமாக்கி லண்டன் நீதிபதிக்கு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாய்க்குப் பிறந்த பெண்கள் இரண்டு ஊரில் வாக்கப்பட்டு, இரண்டு ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டது போலத்தான் இது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மரியாதைக்கு மரியாதை என்று நீங்கள் பதில் எழுதும்போது ஆங்கிலத்தில் ‘இக்ரீஜஸ் சார்’ என்று போட்டுவிடாதீர்கள். ‘டியர் சார்’ போதும்.

கேள்வி: குப்பத்தில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வங்கித் தேர்வுக்கான மாதிரித் தாளில் ‘கிரிகேரியஸ்’ என்ற சொல்லுக்கு ‘மிக மோசமான’ என்று குறித்து மதிப்பெண் இழந்தேன். இரண்டும் ஒன்று போலவே இருக்கிறதே ஐயா. உறவு உண்டா?
— ஒரு மாணவர், குப்பம்

பதில்: உண்டு தம்பி. இரண்டும் அதே ‘க்ரெக்ஸ்’ மந்தையில் பிறந்தவை. ‘கிரிகேரியஸ்’ மந்தையோடு இருப்பது. கூட்டமாக வாழும் பறவை, விலங்குகளுக்கும், யாரோடும் சட்டென்று ஒட்டிப் பழகுகிற மனிதருக்கும் அதைச் சொல்வார்கள். இக்ரீஜஸ் மந்தைக்கு வெளியே நிற்பது. ‘உள்ளே, வெளியே’ என்று ஒரு முறை மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு குழம்பாது.

குடும்பத்தில் இன்னும் சிலர் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். வாசலில் மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காத குப்பைக்கு ஒரு தொட்டி வைத்து ‘செக்ரிகேஷன்’ என்கிறார்களே, அது மந்தையைப் பிரித்து நிறுத்துவது. மதிப்பெண் பட்டியலில் வரும் ‘அக்ரிகேட்’ ஒரே மந்தையாகச் சேர்ப்பது. ரோடு போடுகிறவர்கள் ஒப்பந்தத் தாளில் ஜல்லிக்கும் அதே சொல்தான் எழுதியிருக்கும். தேவாலயத்தில் ‘கான்கிரிகேஷன்’ என்றால் சபை. அங்கே மந்தை என்ற எண்ணம் இன்னும் உயிரோடு இருக்கிறது பாருங்கள், சபையை நடத்துகிறவரைப் ‘பாஸ்டர்’ என்கிறோம். லத்தீனில் அதற்கு மேய்ப்பர் என்று பொருள்.

உச்சரிப்பில் ஒன்று கவனியுங்கள். ‘கிரிகேரியஸ்’ சொல்லில் இரண்டாவது ஜி எழுத்துக்குப் பின்னால் ‘ஏ’ வருவதால் ‘க’ ஓசை. இக்ரீஜஸில் அதே எழுத்துக்குப் பின்னால் ‘ஐ’ வருவதால் ‘ஜ’ ஓசை. எழுதும்போது பலர் அந்த ‘ஐ’யை விட்டுவிடுகிறார்கள். ஈ, ஜி, ஆர், ஈ, ஜி, ஐ, ஓ, யூ, எஸ். காதில் விழாவிட்டாலும் அது இருக்கத்தான் வேண்டும். அதை எடுத்துவிட்டால் ‘ஜ’ ஓசைக்கு வழியில்லை.

கேள்வி: சித்தூரில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். தமிழ்க் கட்சிக்காரர்களுக்குத் தீர்ப்பை எடுத்துச் சொல்ல வேண்டி வரும். வங்கி உத்தரவாத வழக்குகளில் ‘ஃப்ராட் ஆஃப் அன் எக்ரீஜியஸ் நேச்சர்’ என்று அடிக்கடி வருகிறது. ‘மிக மோசமான மோசடி’ என்று சொல்லிப் பார்த்தேன். “மோசடியில் நல்ல மோசடி உண்டா?” என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். தமிழில் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், சித்தூர்

பதில்: பெரியவர் கேட்டது சரியான கேள்வி. உங்கள் மொழிபெயர்ப்பு எங்கே குறைகிறது என்பதை அவர் தொட்டுவிட்டார்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலையை ஒரு ஒப்பந்தக்காரர் எடுக்கிறார் என்று வையுங்கள். வேலையைச் சரியாக முடிக்காவிட்டால் இவ்வளவு பணம் தருகிறேன் என்று அவருக்காக வங்கி எழுதிக் கொடுக்கும். அதுதான் வங்கி உத்தரவாதம். வேலை கொடுத்தவர் கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர் “எங்களுக்குள் தகராறு இருக்கிறது, கொடுக்காதே” என்று நீதிமன்றம் போனால், நீதிமன்றம் லேசில் தடுக்காது. அப்படித் தடுத்தால் வங்கியின் கையெழுத்தை யாரும் நம்ப மாட்டார்கள். தடுப்பதற்கு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிவிலக்குகள் மிகச் சில. அதில் ஒன்று இந்த ‘இக்ரீஜஸ்’ மோசடி. ஒப்பந்தம் முழுவதையும் அடியோடு கெடுத்துவிடுகிற மோசடியாக அது இருக்க வேண்டும்.

ஆக, அந்த உரிச்சொல் அங்கே சும்மா அலங்காரத்துக்கு வரவில்லை, ஒரு வாசலைக் காக்கிறது. மோசடி நடந்தது என்று சொன்னால் போதாது. மற்ற மோசடிப் புகார்களின் கூட்டத்திலிருந்து அது தனித்துத் தெரிய வேண்டும். ‘மிக மோசமான’ என்பதில் அளவு மட்டும் இருக்கிறது, அந்தத் தனித்துத் தெரிதல் இல்லை. அதனால்தான் பெரியவருக்கு உறைக்கவில்லை.

நான் ‘அப்பட்டமான’ என்பேன். அப்பட்டமான மோசடி. மூடி மறைக்காமல் வெளியே தெரிவது, கலப்பு இல்லாமல் முழுக்க அதுவாகவே இருப்பது என்று இரண்டும் அதில் வருகிறது. அப்பட்டமான விதிமீறல், அப்பட்டமான பொய், அப்பட்டமான அநியாயம் என்று எங்கே வைத்தாலும் உட்காருகிறது. இக்ரீஜஸ் போலவே அதுவும் நல்ல காரியத்துக்கு வராது, அப்பட்டமான உதவி என்று யாரும் சொல்வதில்லை. இயற்கைச் சீற்றத்துக்கும் இரண்டும் ஒட்டாது. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து கழனி போனால் அது கொடுமை, துயரம். இக்ரீஜஸ் இல்லை. ஆற்றுக்குள் வீட்டுமனை போட்டு விற்றவர் செய்ததுதான் இக்ரீஜஸ்.

கட்சிக்காரரிடம் பேசும்போது இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘ஒப்பந்தத்தையே செல்லாமல் ஆக்குகிற அளவுக்கு அப்பட்டமான மோசடி’. நீளம்தான், ஆனால் அவருக்குத் தன் வழக்கு அந்த வாசலைத் தாண்டுமா தாண்டாதா என்று புரிந்துவிடும்.

‘பச்சை’ என்று ஒரு சொல்லும் இருக்கிறது. பச்சைப் பொய், பச்சைத் துரோகம், பச்சை அயோக்கியத்தனம். பேச்சில் இதைவிடக் கூர்மையாக வேறு எதுவும் வெட்டாது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் எல்லாவற்றோடும் சேராது. பச்சைத் தவறு, பச்சை விதிமீறல் என்றால் காது ஒப்புவதில்லை. கட்சிக்காரரிடம் வாயால் சொல்லும்போது ‘பச்சை மோசடி’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கும் தாளில் அப்பட்டமான என்றே இருக்கட்டும்.